கரையில் ஆறு மணி நேரம்

பயணிகள் கப்பலில் கரைச்சுற்றுலா மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "நாளைக்கு இறங்குகிற ஊரில் என்னென்ன பார்க்கலாம்?" பார்சிலோனாவோ சிங்கப்பூரோ என்றால் இந்தக் கேள்வியில் தப்பில்லை. மூவாயிரம் பேர் இறங்கினாலும் அந்த ஊர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, ஒரு கடை மூடியிருந்தால் பக்கத்துக் கடை திறந்திருக்கும். தென் அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போகும்போது இதே கேள்வியைக் கேட்டால், கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு அந்த நாளைக் கெடுத்துக்கொள்ளத்தான் முடியும். அங்கே கேட்க வேண்டியது, "எதையெல்லாம் விட்டுவிடலாம்?" என்று. இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். சின்னத் தீவொன்றில் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் யோசனைகளில் 'போங்கள்' என்பதைவிட 'வேண்டாம்' என்பதற்கே மதிப்பு அதிகம். காற்று, சேறு, வண்டிகளின் எண்ணிக்கை, ஒரு பறவைக் குஞ்சின் பசி என்று அந்த 'வேண்டாம்' ஒவ்வொன்றுக்கும் பின்னால் உருப்படியான காரணம் இருக்கிறது. தீவால் எவ்வளவு தாங்க முடியும் என்ற கணக்கைத்தான் அவர்கள் யோசனையாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குக்குள் தன் ஆசையைப் பொருத்திக்கொள்கிற பயணிக்கு அந்தப் பகல் நன்றாகவே அமையும்.

புவனோஸ் ஐரிஸிலிருந்து கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு சிலி நாட்டுக்குப் போகும் கப்பல்களும், அண்டார்டிகா போய்வரும் கப்பல்களும் வழியில் தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியில் ஒரு பகல் நிற்பது வழக்கம். பூமியின் தென்பாதி என்பதால் நமக்கு மார்கழி, தை அவர்களுக்குக் கோடை; கப்பல்கள் வரும் காலமும் அதுதான். எழுநூறுக்கும் மேற்பட்ட தீவுகள், கிட்டத்தட்ட 12,000 சதுர கிலோமீட்டர் நிலம், ஆனால் மொத்த மக்கள்தொகை நான்காயிரத்தைத் தொடவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்டான்லியில் இருக்கிறார்கள். பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றால் ஊர் மக்கள் எண்ணிக்கைக்குச் சமமான கூட்டம் காலை ஒன்பது மணிக்குள் கடற்கரைச் சாலையில் இறங்கிவிடுகிறது. தேரோட்டத்தன்று ஒரு சிற்றூர் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் சிற்றூருக்குத் தேரோட்டம் ஆண்டுக்கு ஒரு முறை. ஸ்டான்லிக்கோ கோடை முழுக்க வாரத்தில் சில நாள் இதே கதை. தேநீர்க்கடையில் எத்தனை நாற்காலி, ஜெட்டியில் எத்தனை கழிப்பறை, ஊரில் மேடுபள்ளத்தில் ஓட்டத்தக்க வண்டி எத்தனை என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கப்பலில் இருப்பவர்களுக்கு அதில் எதுவும் தெரியாது.

கரையில் இறங்குவதே அங்கே பாதி வேலை. பெரிய கப்பல்கள் ஊரை ஒட்டிய உள்துறைமுகத்துக்குள் வர முடியாது. வெளியே போர்ட் வில்லியம் என்ற வெளித்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி, 'நேரோஸ்' என்ற குறுகலான வாய் வழியாக உள்ளே கொண்டுபோய் ஜெட்டியில் விட வேண்டும். கப்பலின் அடிப்பகுதியில், கடல்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். அதையொட்டி ஒரு மேடை. படகு அந்த மேடைக்கு ஒட்டினாற்போல நிற்பதாகத் தோன்றும், அடுத்த நொடி முழங்கால் உயரம் கீழே போகும், மறுபடி மேலே வரும். அங்கே நிற்கும் சிப்பந்தி உங்கள் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார். உங்கள் முன்கையை அவரும், அவர் முன்கையை நீங்களும் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். ஈரத்தில் கை வழுக்கும், முன்கைப் பிடி வழுக்காது. அவர் சொல்லும் நொடியில் ஒரே எட்டாக வைத்துவிட வேண்டும். பாதி எட்டு வைத்துவிட்டுத் தயங்குகிறவர்களுக்குத்தான் அடிபடுகிறது. கைப்பையையும் கேமராவையும் முதுகுப்பையில் போட்டு இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வயதான பெற்றோரைக் கூட்டிவருகிற பிள்ளைகள் இந்த ஓர் அடியை முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் காற்று குறைவான நேரத்தில், முதல் நெரிசல் தணிந்த பிறகு இறங்குவது நல்லது.

இனி நேரக் கணக்கு. கப்பல் காலை எட்டு மணிக்கு நங்கூரம் போட்டு, கடைசி டெண்டர் நாலரைக்கு என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் எட்டரை மணி நேரம் தெரியும். சுங்க அனுமதி, டெண்டர் சீட்டு, முறை வரும்வரை காத்திருப்பது, இருபது முப்பது நிமிடப் படகுப் பயணம், திரும்பும்போது ஜெட்டியில் வரிசை என்று கழித்துக்கொண்டே வந்தால் நிலத்தில் கால் பதிந்திருக்கும் நேரம் ஆறு மணி. அந்த ஆறு மணி நேரமும் காற்றின் தயவில் இருக்கிறது. தென் அட்லாண்டிக்கின் மேலைக்காற்று அந்தத் தீவுகளின் மேல் கிட்டத்தட்ட ஓய்வில்லாமல் வீசுகிறது. காலையில் கண்ணாடிபோல இருந்த துறைமுகம் மதியத்தில் வெள்ளை நுரையாக மாறுவது அங்கே யாருக்கும் வியப்பளிக்காது. காற்று கூடினால் டெண்டரை நிறுத்துவது கேப்டனின் முடிவு. அதற்கு மேல் முறையீடு கிடையாது. சில நாள் இறங்கவே முடியாமல் கப்பல் திரும்பிப் போகும். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த வழி என்ன என்று கேட்கிறவர்கள் அந்தத் தீவின் தொலைவை இன்னும் உணராதவர்கள். வெளியுலகத்தோடு பொதுப் பயணிகள் விமானத் தொடர்பு வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை, சிலியிலிருந்து. இன்னொரு வழி பிரிட்டனிலிருந்து வரும் ராணுவ விமானம். விமான நிலையமோ ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாலன்டியர் பாயின்ட்டைப் பாருங்கள். ஃபாக்லாந்தில் அரசப் பெங்குவின்கள் பெருங்கூட்டமாக வாழும் இடம் அது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். விளம்பரத் தாளின் அட்டையில் இருப்பது அவைதான். மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விரலால் தொட்டுக் காட்டுவதும் அந்தப் படத்தைத்தான். ஸ்டான்லியிலிருந்து போக இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம், திரும்ப அதே அளவு. கடைசிப் பகுதியில் சாலை என்று ஒன்றும் கிடையாது. தாவரம் மக்கிக் கறுத்துப்போன பீட் மண், மேலே புல், உள்ளே தண்ணீர். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட அச்சு வரை இறங்கிவிடும். அதனால் வண்டிகள் ஒன்றாகவே போகின்றன. ஒன்று புதைந்தால் இன்னொன்று கயிறு கட்டி இழுக்கும். ஒரு வண்டியில் ஓட்டுநர் போக நாலு பேர். நூறு பேரைக் கொண்டுபோக இருபத்தைந்து வண்டியும் இருபத்தைந்து ஓட்டுநரும் வேண்டும். அந்த ஓட்டுநர்களில் பலருக்கு வேறு வேலை இருக்கிறது. கப்பல் நாளில் அதைவிட்டு வண்டி எடுக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் கேட்டாலும் இருக்கும் வண்டிகள் அவ்வளவுதான். முன்பதிவு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ஏதோ வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது அப்பட்டமான கூட்டல் கணக்கு. அங்கே போய்வந்தால் ஸ்டான்லியை ஜெட்டியில் நின்று பார்த்ததோடு சரி. முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போகக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டால் நேராக 'முடியாது' என்பார். நானும் அதையே சொல்கிறேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமான ஒன்று. இவ்வளவு பணம் செலவழித்து, வாழ்நாளில் ஒரு முறை வருகிறோம், மிகச் சிறந்ததைப் பார்க்காமல் ஜெட்டி ஓரத்தில் சுற்றிவிட்டுப் போவதா? உடம்பில் தெம்பும், முன்பதிவும், நல்ல வானிலையும் ஒன்றுசேர்ந்தால் தாராளமாகப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் எது மிகச் சிறந்தது என்பதை அட்டைப்படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அரசப் பெங்குவின் அழகான பறவை, மறுக்கவில்லை. ஆனால் இதே பயணத்தடத்தை ஒட்டிய தெற்கு ஜார்ஜியா தீவில் அது லட்சக்கணக்கில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாமல் ஃபாக்லாந்தில் மட்டுமே இருக்கும் ஒரு பறவை உண்டு. பறக்கத் தெரியாத ஸ்டீமர் வாத்து. சாம்பல் நிறம், தடித்த உடம்பு, ஆணுக்கு ஆரஞ்சு அலகு. விரட்டினாலோ சண்டை வந்தாலோ குட்டைச் சிறகுகளால் தண்ணீரை அடித்துக்கொண்டு, பழைய துடுப்புச்சக்கரக் கப்பல்போல நீர் தெறிக்க ஓடும். அதைப் பார்க்க வண்டி வேண்டாம், முன்பதிவு வேண்டாம். ஜெட்டியிலிருந்து வெளியே வந்து கடற்கரைச் சாலையான ராஸ் ரோட்டில் பத்து நிமிடம் நடந்தால் பாறைமேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே, ஆண் முழு வெள்ளையும் பெண் கருமையுமாக ஜோடி ஜோடியாகக் கெல்ப் வாத்துகள் பாசி மேய்ந்துகொண்டிருக்கும். உலகத்துக்கே அரிதானது காலடியில் இருக்க, ஐந்து மணி நேரம் வண்டியில் குலுங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். ஆனால் இரண்டையும் தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டும். ராஸ் ரோட்டைப் பரிந்துரைக்கிற உள்ளூர்க்காரர் மட்டமான ஒன்றை உங்கள் தலையில் கட்டவில்லை.

ராஸ் ரோட்டுக்கும் வாலன்டியர் பாயின்ட்டுக்கும் நடுவில் இருப்பது ஜிப்சி கோவ். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் சொச்சம். வழியில் 1936 முதல் கரைதட்டிக் கிடக்கும் லேடி எலிசபெத் என்ற இரும்புப் பாய்க்கப்பல் துருப்பிடித்த பாய்மரங்களோடு நிற்கும். ஜிப்சி கோவில் இருப்பவை மெகல்லன் பெங்குவின்கள். இவை மண்ணில் வளை தோண்டி அதற்குள் குஞ்சு வளர்ப்பவை. பாதையைவிட்டு இறங்காதீர்கள், ஆறு மீட்டர் தள்ளி நில்லுங்கள், பறவைக்கு வழிவிடுங்கள் என்ற மூன்று கட்டளைகளையும் அங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அந்தப் புல்தரை உள்ளே குடைந்த தரை. ஓர் ஆளின் எடை போதும், வளை உள்ளே சரிய. குஞ்சு அதற்குள்தான் இருக்கும். ஆறு மீட்டரின் காரணத்தைப் பார்க்கச் சற்றுப் பொறுமை வேண்டும். கடலிலிருந்து ஏறிவரும் பெங்குவின் வயிறு நிறைய மீனும் கணவாயுமாக வருகிறது. அது அதன் இரை மட்டுமில்லை, வளைக்குள் இருக்கும் குஞ்சின் சாப்பாடும்தான். வழியில் நாலு பேர் கேமராவோடு குந்தியிருந்தால் அது நிற்கும். தலையை ஒரு பக்கம் திருப்பி ஒரு கண்ணால் பார்க்கும், மறுபக்கம் திருப்பி மற்றக் கண்ணால் பார்க்கும். அந்தத் தலையாட்டலைப் பார்த்து, பாருங்கள் நமக்கு வணக்கம் சொல்கிறது என்று மகிழ்கிறார்கள். உண்மையில் அது பதற்றத்தின் அடையாளம். அவர்கள் எழுந்து போகும்வரை அது அசையாது. அவர்கள் போனதும் அடுத்த நாலு பேர் வருவார்கள். ஒரு கப்பல் நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று யோசித்தால் ஆறு மீட்டர் என்பது பெரிய கட்டுப்பாடாகத் தெரியாது. விலகி நின்றால் பறவை தன் போக்கில் நடந்து உங்களைக் கடந்து போகும். நெருங்கிப் போனவர்களுக்குக் கிடைக்காத படம் விலகி நின்றவர்களுக்குக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தீவுக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் தடை போடுவதே பழக்கம் என்று ஒரு முணுமுணுப்பு டெண்டரில் திரும்பும்போது கேட்கும். அது உண்மையில்லை என்பதற்கு ஜிப்சி கோவுக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. யார்க் பே என்ற வெண்மணல் கடற்கரை, இந்தத் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 போரில் அர்ஜென்டினா படைகள் புதைத்த கண்ணிவெடிகளால் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலியடைத்துக் கிடந்தது. பெங்குவின்களின் எடை வெடியைத் தூண்டப் போதாததால் அவை மட்டும் அங்கே சுதந்திரமாக உலவின. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பயணிகளுக்கு, அவ்வளவு அழகான மணலில் இறங்கக் கூடாது என்பது நம்ப முடியாததாகத்தான் இருந்தது. 2009 முதல் பல ஆண்டுகள், பெரும்பாலும் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த வெடி அகற்றுநர்கள் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகச் சலித்தெடுத்த பிறகு, 2020 நவம்பரில் தீவுகள் கண்ணிவெடியற்றவை என அறிவிக்கப்பட்டன. ஊர் மக்கள் அந்த வேலியைக் கொண்டாட்டத்தோடு அகற்றிவிட்டு மணலில் ஓடினார்கள். காரணம் போனதும் தடையும் போனது. இதற்கு நேர்மாறாக, 2023 இறுதியில் பறவைக்காய்ச்சல் தீவுகளில் உறுதியானபோது அதுவரை இல்லாத தடைகள் வந்தன. கரையேறும் முன்னும் பின்னும் செருப்பின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயமாக இறுகியது. அண்ணன் போன வருடம் போனாரே, அங்கெல்லாம் விட்டார்களே என்று சொல்வதில் பயனில்லை. அந்தக் காலையில் ஜெட்டியில் கிடைக்கும் தகவல்தான் செல்லுபடியாகும். பழைய குறிப்பேட்டை நம்பி வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. உள்ளூர்க்காரர் சொல்வதை எதற்கு நம்ப வேண்டும்? அவருக்கும் ஒரு வண்டி இருக்கும், ஒரு கடை இருக்கும், மைத்துனர் ஒருவர் சுற்றுலா நடத்துவார். உலகின் பல துறைமுகங்களில் இந்தச் சந்தேகம் சரியானதுதான். நானே பயணிகளை எச்சரிப்பதுண்டு. ஆனால் சந்தேகப்படுவதற்கும் ஒரு முறை வேண்டும். சொல்கிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று பார்த்தால் போதும். 'இன்றைக்குத் தூரமாகப் போகாதீர்கள், சாயங்காலம் காற்று ஏறும்' என்று சொல்வதால் யாருக்கும் காசு கிடைக்காது. தேவாலயத்துக்கும், அதன் பக்கத்தில் இரண்டு நீலத் திமிங்கலங்களின் தாடை எலும்புகளால் 1933இல் எழுப்பிய வளைவுக்கும் நடந்து போங்கள் என்று அனுப்புவதாலும் கிடைக்காது. ஃபாக்லாந்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அந்த நாட்டின் வருவாயில் பெரும்பங்கு சுற்றுலாவிலிருந்து வருவதில்லை. 1986இல் தீவுகளைச் சுற்றி மீன்பிடி எல்லை அறிவித்த பிறகு, கணவாய் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களிடம் வசூலிக்கும் உரிமக் கட்டணம்தான் அவர்களை நிமிர்த்தியது. பயணியைப் பகைத்துக்கொண்டால் அடுப்பெரியாது என்ற நிலை இல்லாதவர்கள், வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிகிறார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை விற்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன்: எங்கள் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களே ஏற்பாடு செய்துகொண்ட வண்டி தாமதமானால் காத்திருக்காது என்பது உண்மை. அதற்காக எங்கள் தாளில் அச்சிட்டிருப்பது அந்தக் காலையின் வானிலையை அறிந்துவிடாது. அது பல மாதங்களுக்கு முன் அச்சானது.

பயணம் போய்வந்தவர்கள் எழுதுவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இறங்க முடிந்தவர்கள்தான் தீவைப் பற்றி எழுதுகிறார்கள். டெக்கில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு எழுத ஒன்றுமில்லை. ஆகவே படிக்கிறவர்களுக்கு எல்லாத் தீவிலும் எப்போதும் வெயிலடிப்பதாகத் தோன்றுகிறது. ஸ்டான்லிக்கு வடகிழக்கே பெருங்கடல் நடுவில் இருக்கும் டிரிஸ்டன் ட குன்யாவில், இருநூற்றைம்பதுக்கும் குறைவான மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய சின்னத் துறைமுகத்தில் படகு இறக்கத்தக்க நாட்கள் ஆண்டில் அறுபது எழுபதுதான் தேறும். பசிபிக்கில் ஐம்பது பேர் அளவில் வாழும் பிட்கேர்னில் கப்பல் நிற்கத் துறைமுகமே கிடையாது. அங்கே கடல் கொந்தளித்தால் தீவுக்காரர்களே நீண்ட படகில் கப்பலுக்கு ஏறிவந்து, மரச்சிற்பங்களையும் தேனையும் டெக்கில் விரித்துக் கடை போடுகிறார்கள். பயணி இறங்காமலேயே தீவைச் சந்திக்க அவர்கள் கண்ட வழி அது. இறங்க முடியாமல் போனதற்கு வசவு பாடிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறவர்கள், தீவு தேடிவந்து கொடுத்த அரை நாளையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

போரைப் பற்றியும் ஒரு 'வேண்டாம்' உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1982 ஏப்ரல் 2 முதல் ஜூன் 14 வரை நடந்த போரில் அர்ஜென்டினா வீரர்கள் 649 பேரும், பிரிட்டிஷ் தரப்பில் 255 பேரும், ஸ்டான்லியில் ஒரு வீட்டுக்குள் இருந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று கடையில் உங்களுக்குத் தேநீர் ஊற்றுகிறார்கள். 2013இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியாகவே தொடர்வதற்கு எதிராக விழுந்தவை மூன்றே வாக்குகள். தீவு யாருக்குச் சொந்தம் என்ற விவாதத்தைத் தேநீர்க்கடையில் தொடங்காதீர்கள் என்று சொல்வது அச்சத்தினால் அல்ல. அரை மணி நேரம் உட்கார வந்த விருந்தாளிக்கு அது பொழுதுபோக்கு, எதிரே நிற்பவருக்கு அது வீடு. போரைப் பற்றி அறிய விரும்பினால் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் இருக்கிறது, துறைமுகத்தை ஒட்டிய பழைய கப்பல் தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நேரத்தோடு நுழைந்தால் பொறுமையாகப் பேச ஆள் கிடைப்பார்கள். அவர்களாகவே சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம்.

உடை, பணம், சாப்பாடு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோடையிலும் பகல் வெப்பம் பதினைந்து டிகிரியை ஒட்டித்தான். குடை அந்தக் காற்றில் ஒரு நிமிடம் தாங்காது, காற்றும் மழையும் புகாத மேல்சட்டைதான் வேண்டும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்தால் மூக்கும் கன்னமும் உரிந்துவிடும். அங்கே புறஊதாக் கதிர் கடுமை. சில்லறையைப் பிரிட்டிஷ் பவுண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஃபாக்லாந்து பவுண்டுக்கு அதே மதிப்புதான் என்றாலும் தீவைவிட்டால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். சைவம் மட்டும் உண்பவர்கள் கப்பலிலிருந்து பழம் எடுத்துப்போகலாம் என்று நினைப்பதுண்டு. பழம், காய், இறைச்சி எதையும் கரையிறக்கக் கூடாது. ஒரு பூச்சியோ பூஞ்சையோ போய்விட்டால் அந்தச் சின்ன நிலத்தில் அதைத் துரத்தவே முடியாது. கப்பலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக, இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் கேட்கலாம்: அவ்வளவு சின்ன, அவ்வளவு எளிதில் நொறுங்கக்கூடிய ஊருக்கு ஆயிரக்கணக்கில் போவதே தவறில்லையா? போகாதீர்கள் என்பதுதானே நேர்மையான யோசனை? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். பக்கத்து அண்டார்டிகாவில், ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல்கள் ஆட்களை இறக்குவதில்லை, ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் நூறு பேருக்கு மேல் நிற்பதில்லை என்று பயணக் கப்பல் நிறுவனங்களே விதி வைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே மக்கள் இல்லை, ஆகவே விதி வேண்டியிருக்கிறது. ஸ்டான்லியில் மக்கள் இருக்கிறார்கள். கூட்டத்தைப் பிரித்து, திசைதிருப்பி, தாங்கத்தக்க அளவில் பரப்பும் வேலையில் பெரும்பங்கை அவர்கள் வாய்ச்சொல்லே செய்கிறது. நிலத்தில் மிகப் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். பெங்குவின் கரைகளில் பலவும் ஆட்டுப்பண்ணைக்காரரின் நிலம். அவர் கதவைச் சாத்தினால் அந்த வழி அன்றோடு முடிந்தது. திறந்து வைத்திருக்கிறார் என்றால், வருகிறவர்கள் சொன்னதைக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் திறந்து வைத்திருக்கிறார். கண்ட கதவைக் கண்டபடியே விட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே, சாத்தியிருந்தால் சாத்தியே என்பது அந்நாட்டு நிலப்புறத்துக்கான எழுதப்பட்ட விதி. ஆட்டு மந்தை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கதவைப் பொறுத்தது. இந்த அளவு கேட்டு நடக்கிறவர்கள் வருவதால் தீவு கெடுவதில்லை. கேட்காதவர்கள் ஐம்பது பேர் வந்தாலே கெடும்.

ஆகவே ஜெட்டியில் இறங்கியதும் சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: இன்றைக்குக் காற்று எத்தனை மணிக்கு ஏறும், எந்த இடம் மூடியிருக்கிறது, என் காலுக்கும் என் நேரத்துக்கும் எது போதும். கடைசி டெண்டர் நாலரை என்று அறிவித்திருந்தால் மூன்றரைக்கு ஜெட்டியில் இருங்கள். நாலரைக்கு வரிசையின் வாலில் நிற்கிறவர்கள் திறந்தவெளியில், எதிர்க்காற்றில் முக்கால் மணி நேரம் நிற்கவேண்டியிருக்கும். கூட வந்த பெரியவர்களுக்கு உட்காரவும் இடமிருக்காது. டெண்டர்கள் நடுவில் நிறுத்தப்பட்டால் முன்னால் நின்றவர்கள் கப்பலில் இருப்பார்கள், பின்னால் நின்றவர்கள் கரையில் இருப்பார்கள்.